அப்பா வாசித்த வசனம்

எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு அந்த வருஷம் பிலிப்பு நாடகம். ஊர் ஊராக நற்செய்தி சொல்லிப் போன பிலிப்பு, பாலைவன வழியில் ரதத்தில் போகும் எத்தியோப்பிய அதிகாரியை ஓடிப் பிடிப்பார். வேதச் சுருளை வாசித்துக்கொண்டிருக்கும் அவரிடம், வாசிப்பது புரிகிறதா என்று கேட்பார். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் எப்படிப் புரியும் என்பார் அதிகாரி. பிலிப்பு வண்டியில் ஏறி விளக்கி, கையோடு ஞானஸ்நானமும் கொடுத்துவிடுவார். அந்தப் பிலிப்பு நான்தான். பத்து வயசுப் பெண்ணுக்குப் பஞ்சுத் தாடி.

அதிகாரி வாட்டசாட்டமாக இருக்க வேண்டும் என்று நாடகம் போட்ட சிஸ்டர் அப்பாவைக் கேட்டார். மில் மூடின பிறகு தட்டாஞ்சாவடியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார் அப்பா. "அதெல்லாம் நமக்கு வராது சிஸ்டர்" என்று மூன்று தடவை நழுவினார். நான் ஒரு நாள் பூராவும் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். பெத்த மனசாச்சே, ஒத்துக்கொண்டார். அப்புறம் தினமும் சாயங்காலம், அதிகாரி சுருளில் வாசிக்கும் வசனத்தை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

தண்ணி கேன் போடும் மூன்று சக்கர வண்டியில் ஜிகினாத் தாள் ஒட்டினால் ரதம். நாடகத்தன்று அப்பா அதில் உட்கார்ந்து சுருளை விரித்து, ஆட்டைப் பற்றிய வசனத்தைக் கணீரென்று வாசித்தார். கூடவே ஓடிய நான் எட்டிப் பார்த்தேன். அதில் இருந்தது வசனமே இல்லை, பள்ளிக்கூடத்துக்காக நான் சார்ட்டில் எழுதிய பழமொழிகள். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று கொட்டை எழுத்தில் தொடங்கியது. அவசரத்தில் வீட்டிலிருந்து மாற்றித் தூக்கி வந்தவளும் நான்தான். தெரிந்திருந்தால் சிஸ்டர் என் தோலை உரித்திருப்பார். ஆனால் அப்பா ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். எனக்குப் போன உசிரு திரும்பி வந்தது.

வீட்டுக்குப் போகும்போது சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தபடி ரகசியமாகச் சொன்னேன். "பேப்பர் மாறிப்போச்சுப்பா. நீ சூப்பரா சமாளிச்சிட்ட."

அப்பா சட்டென்று பிரேக் போட்டார். "மாறிப்போச்சா? யாருனா பாத்தாங்களா?"

"நான் மட்டுந்தான்."

"நல்லவேள, மாதா காப்பாத்துனாங்க" என்று பெருமூச்சு விட்டார். வழியில் நெல்லித்தோப்புக் கடையில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்தார். எங்கள் வீடு இருந்த சாரம் வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே மிதித்தார்.

கையெழுத்து போடுவதைத் தவிர அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று, நான் பத்தாவது படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? சிஸ்டரிடம் நான் அடி வாங்காமல் தப்பித்ததற்குத்தான் மனுஷன் அவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.