மூன்றாவது பிளேட்

நெவில் பாஸ்கோ என் இரும்புப் பிளேட்டில், தேறாது என்று, சிவப்புப் பெயிண்டால் குறுக்கே கோடு போட்டது எழுபத்தொன்றாம் வருடம். பட்டறையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வரவேண்டிய மேஸ்திரி வேலை அன்றோடு போயிற்று. பதினாலு வருடம் அதை மறக்கவில்லை. நான் மறக்கிற ஆளும் இல்லை.

நியூகாசிலில் நாங்கள் இருவரும் ஒரே வயது, ஒரே பெஞ்சு. மற்ற உறுப்புகளை வைத்துச் சமம் பார்க்கிற வார்ப்பிரும்பு பிளேட்டுகளைச் சுரண்டிச் சுரண்டிச் சமமாக்குவது வேலை. ஒன்றில் நீல மை தடவி இன்னொன்றை அதன்மேல் தேய்த்தால் மேடான இடத்தில் மை ஒட்டும். அந்த இடத்தைச் சுரண்ட வேண்டும். மறுபடி மை. அன்று என் இரண்டு பிளேட்டும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தின. நெவில் மூன்றாவது ஒன்றைத் தூக்கிவந்து தேய்த்தான். நடுவில் மட்டும் நீலம். என் இரண்டில் ஒன்று மேடு, மற்றது அதே அளவு பள்ளம்; அதனால்தான் பொருந்தியிருந்தன.

"ரெண்டு பொய்யனுங்க ஒத்துப் பேசுனா நெசமாயிடுமா, லெஸ்?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"நீ மட்டும் முழுச் சமத்தை நேர்ல பாத்துட்டியாக்கும்?"

"எவனும் பாத்ததில்லடா. இது அது இல்லன்னு தெரியுது, அவ்வளவுதான்."

பிறகு பாய்லர் குழாய்களில் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசு அவன் நெஞ்சில் இறங்கியது. எண்பத்தைந்தாம் வருடக் குளிர்காலத்தில், கிறிஸ்துமஸ் வரை தாங்காது என்றார் டாக்டர். அவன் மனைவி டோரீன் போன் செய்தாள்.

"படுக்க மாட்டேங்கிறாரு. கராஜ்ல இரும்பைச் சுரண்டிக்கிட்டுக் கெடக்காரு. நீயாவது வந்து சொல்லேன்."

போனேன், வேண்டாவெறுப்பாகத்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"என் மருமவன், அந்தக் கணக்கு வாத்தி, சொல்றான்டா. கண்ணால பாக்காததை, கையால தொடாததை மனுஷன் எப்படி அறிய முடியும்? முழுச் சமம், முழு வட்டம் எல்லாம் நாம கட்டுன கதையாம். அப்படின்னா அன்னிக்கு நான் உன் பொழப்பைக் கெடுத்தது வெறும் பொறாமை. முப்பது வருஷம் கதையைத்தான் சுரண்டியிருக்கேன்."

பெஞ்சில் இரண்டு பிளேட். அச்சாகப் பொருந்தின.

"மூணாவது எங்க?"

"தூக்க முடியல." மூச்சு வாங்கினான். "நீ பாத்துச் சொல்லு. பரிதாபப்பட்டுப் பொய் சொன்னேன்னா மூஞ்சிலயே முழிக்காதே."

டோரீனும் நானும் அதில் ஒன்றை என் கார் டிக்கியில் ஏற்றினோம். பட்டறையில் இருந்த நல்ல பிளேட்டின் மேல் மை தடவி அதைத் தேய்த்தேன். நடுவில் மட்டும் நீலம். இந்த நாளுக்காகத்தான் பதினாலு வருடம் காத்திருந்தேன். வந்தபோது மையைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தேன். அதே நீலம்.

மறு வாரம் அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான்.

"நடு மேடு. என்னுது மாதிரியேதான்" என்றேன்.

டோரீன் என்னை அடித்துவிடுவதுபோல் பார்த்தாள். நெவில் சிரித்தான். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

"எவ்வளவு?"

"மயிரிழைல பாதி."

"முழுச் சமமே கதைன்னா, இல்லாத ஒண்ணுலேர்ந்து எப்படிடா பாதி மயிரிழை தள்ளிப் போக முடியும்?"

"அதுக்கும் உன் மருமவன் ஒரு பதில் வெச்சிருப்பான்."

"வெச்சிருப்பான். அவனை வந்து மூணாவது பிளேட்டைத் தேய்க்கச் சொல்லு." என் சட்டைக் கையைப் பிடித்தான். பிடியில் பலமே இல்லை. "நல்ல பிளேட்டுன்னு சொல்லி டோரீன் என்னுது ரெண்டையும் எவனுக்காவது குடுத்துருவா. சிவப்புப் பெயிண்ட் எடுத்து ரெண்டுலயும் குறுக்கே கோடு போட்டுடு, லெஸ். பட்டறைல, எல்லாரும் இருக்கறப்ப."