கிரைண்டரைத் துறந்தவர்

என் கணவர் கனடாவின் மொன்றியலுக்கு வந்த பிறகு தமிழில் கையால் எழுதியவை இரண்டே வகை. ஒன்று, எங்கள் கட்டடத்தின் சலவை அறையில் மேல்வீட்டுக்காரருக்கு ஒட்டிய புகார்ச் சீட்டுகள். இன்னொன்று அவருடைய உயில். உயிலை ஒரு முறைதான் எழுதினார். சீட்டுகளுக்குக் கணக்கே இல்லை.

நாங்கள் குடியிருப்பது நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தில். அதில் தமிழ் வீடுகள் இரண்டு. சென்னையிலிருந்து வந்த எங்கள் வீடு ஒன்று; அதற்கு நேர் மேலே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் வீடு. மனைவி இறந்தபின் தனியாக இருப்பவர். இரண்டு தெரு தள்ளி தெப்பனர் வைத்திருக்கிறார். பாலும் பியரும் லாட்டரிச் சீட்டும் விற்கும் மூலைக்கடை. துணியை மெஷினில் போட்டுவிட்டுக் கடைக்குப் போவார். அங்கே யாராவது பேச்சுக் கொடுத்தால் துணியை மறந்துவிடுவார். என் கணவர் கூடையும் கையுமாக மெஷின் முன்னால் நிற்பார். பாலங்கள் கட்டிய பொறியாளர் அவர். எதுவும் நேரத்துக்கு முடிந்தாக வேண்டும்.

நின்று நின்று பொறுமை போனதும் சீட்டு எழுதுவார். உச்சியில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் இரண்டு கோடு. பிறகு: "ஐயா, தங்கள் துணி துவைத்து முடிந்து ஒரு மணி நேரம் ஆகிறது. மெஷின் எல்லோருக்கும் பொது என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். இப்படிக்கு, கீழ்வீட்டுக்காரன்."

"சண்டைக்குமா பிள்ளையார் சுழி?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஆரம்பிச்ச காரியம் நல்லபடியா முடிய வேண்டாமா?" என்றார்.

"இங்கிலீஷ்ல எழுதினா மத்தவங்களும் கத்துக்குவாங்களே?"

"நம்ம வீட்டுச் சண்டை ஊருக்கு எதுக்குத் தெரியணும்?"

மேல்வீட்டுக்காரர் ஒரு சீட்டுக்கும் பதில் எழுதியதில்லை. அவருடைய பதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும், எங்கள் கிரைண்டர் ஓடும்போது. அது சென்னையிலிருந்து எங்களோடு வந்த கல் கிரைண்டர். இங்குள்ள மின்சாரம் அதற்கு ஆகாது என்பதால் ஒரு டிரான்ஸ்பார்மரையும் கூடவே கட்டி இழுத்து வந்தார். இரண்டும் சேர்ந்து போடும் சத்தத்தில் நானும் அவரும் பேசுவது எங்களுக்கே கேட்காது. எங்கள் கல்யாண வாழ்க்கை நல்லபடியாக நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அரை மணி நேரம் ஓடியதும் மேலே துடைப்பக்கட்டையால் டொக் டொக் என்று தட்டுவார். இவர் கிரைண்டரை இன்னும் பத்து நிமிஷம் கூடுதலாக ஓட விடுவார். மாவு வெண்ணெயாக இருக்கும்.

உயில் கதைக்கு வருகிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீடு அவர் பெயரில். ஒரு நோட்டரியிடம் போய் முறையாக எழுதிவிடலாம் என்று நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு நோட்டரி என்றால் ஹைகோர்ட் வாசலில் குடைக்குக் கீழே ரப்பர் ஸ்டாம்போடு உட்கார்ந்திருப்பவர். இங்கே நோட்டரி என்பவர் சட்டம் படித்தவர், கம்பளம் விரித்த அலுவலகம் வைத்திருப்பவர் என்று எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. "ஸ்டாம்ப் குத்தறவருக்கு அப்பாயின்ட்மென்ட் வேறயா?" என்பார். நானே ஒரு நாள் வாங்கினேன். அன்று அஷ்டமி. இன்னொரு நாள் வாங்கினேன். சொன்ன நேரம் சரியாக ராகு காலம். எங்கள் மாகாணமான கியூபெக்கில் ஒரு நோட்டரியும் பஞ்சாங்கம் பார்த்து நேரம் கொடுப்பதில்லை.

பிறகு எங்கேயோ படித்துவிட்டு வந்தார்: முழுக்கத் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டால் இந்த ஊரில் அதுவும் உயில்தான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். நல்ல நேரம் பார்த்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பிள்ளையார் சுழி போட்டுத் தமிழில் எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார். வீடும் மற்றதெல்லாமும் எனக்கு. கடைசியில் ஒரு வரி: "எனது மாவு கிரைண்டரை, டிரான்ஸ்பார்மர் உட்பட, மேல்வீட்டில் வசிக்கும் இன்னாருக்கு அளிக்கிறேன். அவருக்கும் நல்ல இட்லி கிடைக்கட்டும்." மேல்வீட்டுக்காரரின் முழுப்பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்காமல் மடித்து, சாமி அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தார்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் போய்விட்டார். காரின் மேலிருந்த பனியைத் தள்ளிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

காரியங்கள் முடிந்ததும் நியூஜெர்சியிலிருந்து அவருடைய அண்ணன் மகன் போன் செய்தான். "சித்தி, கவலையே படாதீங்க. உங்க கவுண்டி ப்ரோபேட் கோர்ட்ல உயிலை ஃபைல் பண்ணிட்டா முடிஞ்சது" என்றான். கவுண்டி என்றால் அமெரிக்காவில் மாவட்டம் மாதிரி. அவன் குரலில் இருந்த உறுதியை நம்பி ஒரு வாரம் எங்கள் கவுண்டியைத் தேடினேன். கம்ப்யூட்டர் என்னை ஒஹையோவுக்குக் கூட்டிப்போயிற்று, ஜார்ஜியாவுக்குக் கூட்டிப்போயிற்று. அங்கெல்லாம் யார் யாருடைய சொத்து விவரமோ கிடைத்தது, எங்களுடையது இல்லை. எங்கள் ஊருக்குக் கவுண்டியே கிடையாது என்பதை ஒரு நீதிமன்றக் கவுன்டரில் இருந்த பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இங்கே கையெழுத்து உயிலை நீதிமன்றமோ நோட்டரியோ சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். அவர் வாழ்நாள் முழுக்கத் தப்பித்த நோட்டரியிடம் கடைசியில் நான் போனேன்.

சாம்பல் நிறத் தலைமுடியும் அமைதியான குரலுமாக ஒரு பெண்மணி. முதலில் உயில்களின் பதிவேட்டில் தேடி, இவர் வேறு எங்கும் உயில் எழுதவில்லை என்று உறுதி செய்தார். நான் சிரித்துவிட்டேன். பிறகு மொழிபெயர்ப்பு கேட்டார். ஊரின் கோடியில் இல்-பிசார் என்ற தீவில் இருந்த ஒரு மொழிபெயர்ப்பாளரிடம், எப்போதாவது வரும் பஸ்ஸைப் பிடித்துப் போய், பிரெஞ்சில் வாங்கி வந்தேன். "இன்னும் ஒன்றுதான்" என்றார் நோட்டரி. "இது உங்கள் கணவரின் கையெழுத்துதான் என்று அவருடைய எழுத்தை நன்றாக அறிந்த ஒருவர் சத்தியம் செய்ய வேண்டும். இந்த உயிலால் எதுவும் பெறாத ஒருவராக இருந்தால்தான் எனக்குத் திருப்தி."

அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் உயில் நிற்காமல் போகலாம். அப்போது சட்டப்படி ஒரு பங்கு அவருடைய அண்ணனுக்கும் தங்கைக்கும் போகும். என் மைத்துனர் வாய்விட்டுக் கேட்கிறவர் இல்லை. கொடுத்தால் வேண்டாம் என்கிறவரும் இல்லை. பங்கு கொடுக்க வேண்டுமானால் வீட்டை விற்க வேண்டும். அவர் உட்கார்ந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அவருடைய தமிழ்க் கையெழுத்தை அறிந்தவர் யார்? அண்ணனையும் தங்கையையும் கேட்க முடியாது, உயில் நிற்காவிட்டால் லாபம் அவர்களுக்குத்தான். கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வரைபடமும் ஆங்கிலக் கையெழுத்தும். தமிழ் நண்பர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியவர்கள். ஒவ்வொருவராகக் கேட்டேன். "அவர் எழுதி நான் பார்த்ததே இல்லையேம்மா" என்றார்கள். ஒரு நாள் துணி துவைக்கப் போனேன். மெஷினுக்கு மேலே சுவரில் செல்லோடேப் உரிந்த தழும்பு வரிசையாக இருந்தது. கூடையை அங்கேயே வைத்துவிட்டு மாடி ஏறினேன்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும், "உடுப்பை இப்பதான் போட்டனான், இன்னும் முடியேல்லை" என்றார்.

"அதுக்கு வரல அண்ணா. உங்களால ஒரு உதவி ஆகணும்" என்று விஷயத்தைச் சொன்னேன்.

"அவரின்ரை எழுத்தோ?" என்றார். "இருட்டிலை காட்டினாலும் சொல்லுவன்." உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தார். அத்தனை சீட்டும் அதில் இருந்தது.

"பத்திரமா வெச்சிருக்கீங்களே!"

"பின்னை? கட்டடக் கொமிட்டியிட்டை முறைப்பாடு குடுக்கிறதுக்கு ஆதாரமெல்லோ? பேந்து குடுப்பம், பேந்து குடுப்பம் எண்டு இருந்திட்டன்."

டின்னோடு என்னுடன் நோட்டரியிடம் வந்தார். ஒன்றிரண்டு சீட்டைப் பார்த்த நோட்டரிக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றின் உச்சியிலும் இருந்த சுழியைத் தொட்டுக் காட்டி, உயிலிலும் அதையே தொட்டு, "இது என்ன?" என்றார். தடைகளை நீக்கும் தெய்வம், நல்ல காரியம் தொடங்கும்போது போடுவது என்று மேல்வீட்டுக்காரர் கடைப் பிரெஞ்சில் விளக்கினார். "இந்தச் சீட்டுகள் எதைப் பற்றி?" என்று கேட்டார் நோட்டரி. "துணி துவைக்கிறதைப் பற்றி" என்றார் இவர். நோட்டரி தலையைக் குனிந்துகொண்டார்.

"இறந்தவர் உங்களுக்கு என்ன வேண்டும்? நண்பர் என்று எழுதலாமா?"

இவர் என் பக்கம் திரும்பினார். "சத்தியம் பண்ணிச் சொல்லுறது, தங்கச்சி. நண்பன் எண்டு பொய் சொல்லேலாது."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரர்னு சொல்லுங்க அண்ணா."

"பக்கத்து வீடு இல்லையே, மேல் வீடெல்லோ." கடைசியில் அண்டை வீட்டார் என்பதற்கு ஒருவாறு இறங்கி வந்தார். நோட்டரி அவருடைய பெயரை எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவை வைத்தார். பிரெஞ்சு மொழிபெயர்ப்பை எடுத்துப் புரட்டினார். "இந்தப் பெயர் உயிலிலும் இருக்கிறதே? இவருக்கு ஏதோ ஒரு... அரைக்கும் கல்?"

கிரைண்டரை நான் சொத்து என்று நினைக்கவே இல்லை. எதுவும் பெறாதவர் வேண்டும் என்று நோட்டரி சொன்னபோது அந்த வரி என் நினைவுக்கே வரவில்லை.

மேல்வீட்டுக்காரருக்கு இது புதுச் செய்தி. "எனக்கோ?" என்று உயிலை வாங்கிக் கடைசி வரியை வாசித்தார். மறுபடி வாசித்தார். அப்புறம் நோட்டரி சொன்னதை நான் அவருக்குச் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. அவருக்கே பிரெஞ்சு புரிந்தது. வேறு சாட்சி தேட வேண்டும், அல்லது இவர் அந்தக் கல்லைத் தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். வேறு சாட்சி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்படி எழுதச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

"செத்த மனுசன் ஆசையாத் தந்ததை வேண்டாம் எண்டு எப்பிடி எழுதுறது?" என்றார் மெதுவாக. "அந்தாள் எனக்கு எவ்வளவோ எழுதிப்போட்டார். கோவமில்லாமல் எழுதினது இது ஒண்டுதான், தங்கச்சி."

பிறகு பேனாவை எடுத்து, ஒரு கிரைண்டரையும் ஒரு டிரான்ஸ்பார்மரையும் சட்டப்படி துறந்தார். அதன் பின்னால், இது இன்னாருடைய எழுத்துத்தான், எனக்கு ஐயமே இல்லை என்று கையை உயர்த்திச் சத்தியம் செய்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இறங்கும் நிறுத்தம் நெருங்கியபோது, "கோவிக்க மாட்டார்தானே?" என்று கேட்டார்.

"அவர் எப்ப கோவிக்காம இருந்தார், அண்ணா?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே கையுறையால் கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்துக்கொண்டேன்.

வசந்தத்தில் உயில் சரிபார்க்கப்பட்டு வந்தது. வீடு என் பெயருக்கு மாறியது. துறந்த கிரைண்டரும் மிச்சச் சொத்தோடு என்னிடமே வந்து சேர்ந்தது. மாடிக்குப் போய், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"ஏலாது. கையெழுத்து வைச்சிட்டன்" என்றார்.

"அது அவர் கொடுத்தது அண்ணா. இது நான் கொடுக்கிறது. இதுக்கு நோட்டரி வேண்டாம்."

லிஃப்டில் ஏற்றி இருவரும் தள்ளிக்கொண்டு போனோம். அரிசிக்கு எவ்வளவு உளுந்து என்று சொல்லிக் கொடுத்தேன். எங்கள் அளவு தப்பு என்று அவர் திருத்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரம், நான் இன்னும் படுக்கையில். தலைக்கு மேலே முதலில் டிரான்ஸ்பார்மர் முனகியது. பிறகு கல் உருள ஆரம்பித்தது. அவர் போன பிறகு என் வீட்டில் கேட்ட முதல் ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் அது. தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். நன்றாக அழுதேன். கிரைண்டர் நிற்கவில்லை. அரை மணி நேரத்துக்கு மேலும் ஓடியது.

எழுந்து முகம் கழுவிக்கொண்டு, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தேன். பிள்ளையார் சுழி போட்டேன், அதன் கீழே இரண்டு கோடு. எழுதி, சலவை அறைக்குக் கொண்டுபோய், சுவரில் பழைய தழும்பின் மேலேயே ஒட்டினேன்.

"ஐயா, ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது விடியும் முன் கிரைண்டர் ஓட்ட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விடிந்த பின் எவ்வளவு நேரமும் ஓட்டலாம். இப்படிக்கு, கீழ்வீட்டுக்காரி."