காருக்கடியில் இரண்டு சனிக்கிழமைகள்

குவைத்தில் பதினோரு வருஷம் ஏ.சி. டக்ட் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நான், எனக்கென்று செய்துகொண்ட ஒரே ஆடம்பரம் அந்தப் பழைய ஜெர்மன் கார். திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் ஓட்டிக்கொண்டிருந்த வண்டி. எஞ்சின் முன்னால் இருக்கும், ஓடுவது பின்சக்கரங்களால். இரணியலில் எங்கள் வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதும் என் மனைவி ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "சீட்டு நல்லாருக்கு" என்றாள். பள்ளியில் கணக்கு டீச்சர். பாராட்டையும் மார்க்கைப் போலத்தான் போடுவாள்.

வண்டியில் ஒரு குறை இருந்தது. கியர் மாற்றி கிளச்சை விடும்போதெல்லாம் பின்பக்கம் அடியிலிருந்து 'டக்' என்று ஒரு இடி. முதல் ஞாயிற்றுக்கிழமை மாமியாரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனோம். பாதி வழியில் மாமியார் கேட்டார்: "மக்ளே, டிக்கில தேங்கா வல்லதும் உருளுதா?"

நிறுத்தித் திறந்து காட்டினேன். ஒரு குடை மட்டும் கிடந்தது. அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

நாகர்கோவிலில் ஒரு மெக்கானிக் வண்டியைத் தூக்கி, இரும்புக் கம்பியை விட்டு நெம்பிக் காட்டினார். எஞ்சினின் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஒரு பெரிய பூசணிக்காய் அளவில் அடியில் தொங்கியது. அதைத் தாங்குபவை இரண்டு ரப்பர் மவுண்டுகள். வெளியே இரும்பு வளையம், நடுவே போல்ட் நுழையும் குழாய், இரண்டுக்கும் இடையில் ரப்பர். அதிர்வு உள்ளே வராமலிருக்க ரப்பரில் பிறை வடிவத்தில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். ரப்பர் வயதாகித் தளர்ந்துபோனதால் அந்த இடைவெளிக்குள் டிஃபரன்ஷியல் ஆடி ஆடி இடிக்கிறது. புது மவுண்ட் இப்போது வருவதில்லை என்றார் அவர்.

இடைவெளிதானே பிரச்சினை, அதை அடைத்துவிட்டால் போகிறது என்று எனக்குத் தோன்றியது. பதினோரு வருஷம் டக்டில் சந்து சந்தாக அடைத்தவனுக்கு இது ஒரு வேலையா? கார் கண்ணாடி ஒட்டும் கறுப்புப் பசையில் ஒரு குழல் வாங்கி, ஒரு சனிக்கிழமை காலையில் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, எதையும் கழற்றாமலே, எண்ணெய்ப் பிசுக்கைக்கூடத் துடைக்காமலே இரண்டு மவுண்டிலும் பிதுக்கி அடைத்தேன். முகத்திலும் காதிலும் பசை. எழுந்து வந்தபோது பெரிய காரியம் செய்தவனைப்போல இருந்தது.

"ஒரு வாரம் எடுக்காண்டாம், காயட்டும்" என்றாள் மனைவி.

மறுநாளே சர்ச்சுக்கு எடுத்தேன். சத்தம் இல்லை. அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து வாசல் பெருக்கும்போது ஒரு கறுப்புக் கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். "இது ஒங்க வண்டில உள்ளதா?" மேலே காய்ந்து, உள்ளே அல்வாவாக இருந்தது. அன்று சாயங்காலம் 'டக்' திரும்ப வந்துவிட்டது.

குவைத்தில் என்னோடு ஆறு வருஷம் ஒரே அறையில் இருந்தவன் இப்போது தேங்காய்ப்பட்டணத்தில் ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுவேலை பார்க்கிறான். அவனுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடிக்க அவனுக்கு நேரமாயிற்று.

"எலே மக்கா, எண்ணெய்க்க மேல பசை ஒட்டுமா? காத்துல காயுத பசைய அவ்வளவு கனத்துக்கு அடைச்சா உள்ள எப்பிடிக் காயும்? நீ சும்மா இரு. சனிக்கிழம நான் வாறேன்."

வந்தான். பைக்கின் பின்னால் ஒரு பலகை, கலந்து ஊற்றினால் ரப்பராக இறுகும் யூரித்தேன் இரண்டு டப்பா, அவன் வீட்டு அடுக்களைத் தராசு. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினோம். மவுண்டைக் கழற்றும்போது டிஃபரன்ஷியல் சரிந்துவிடாமல் ஜாக்கியின்மேல் பலகை வைத்து முட்டுக் கொடுத்தான். எல்லா போல்ட்டும் வந்தது, ஒன்றைத் தவிர. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி நான் இழுத்தேன். அவன் இழுத்தான். இரண்டு பேரும் காலை ஊன்றிச் சேர்ந்து இழுத்தோம். அசையவில்லை. டீ கொண்டுவந்த மனைவி குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க ரெண்டுபேரும் இறுக்கிட்டுல்லா இருக்கீங்க? மத்த போல்ட்டெல்லாம் தல கீழ பாத்து இருக்கு. இது தலகீழா மேல பாத்து இருக்கு. மறுபக்கம் சுத்தணும்."

மறுபக்கம் சுற்றினோம். 'கிறீச்' என்று ஒரு சத்தத்தோடு விட்டது. நண்பன் அவளைக் காட்டி என்னிடம் கேட்டான். "மைனி இருக்கும்போ என்னய எதுக்குலே கூப்பிட்ட?"

கழற்றிய மவுண்டுகளைச் சோப்பு போட்டு பிரஷால் தேய்த்துக் கழுவினோம். பிறகு பெயின்ட் தின்னரால் துடைத்தோம். பிறகு உப்புத்தாளால் ரப்பரைச் சொரசொரப்பாக்கினோம். ஒரு மணி நேரம் போயிற்று. அதற்குள் வேளிமலைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. அவன் முகமும் மாறியது. ஈரம் பட்டால் யூரித்தேன் பொங்கி, பஞ்சு மாதிரிக் குமிழி விட்டுப்போகும், பிறகு பாரம் தாங்காது என்றான். இன்னொரு நாள் பார்ப்போமா என்று நான் கேட்டபோது மனைவி உள்ளே போய் முடி காயவைக்கும் டிரையரை எடுத்துவந்தாள். மவுண்டுகளை ஹாலில் மேசைமேல் வைத்து, அரைமணி நேரம் ஒன்றன்பின் ஒன்றாகச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள். விரிப்பாகப் போட்டிருந்தது அவள் பள்ளியில் முடிந்த மாதிரித் தேர்வின் பழைய கேள்வித்தாள்கள்.

"மேசைல ஒரு சொட்டு விழட்டும், பொறவு பேசுவோம்" என்றாள் இருவரிடமும்.

மவுண்டின் ஒருபக்கத்தை டேப் ஒட்டி அடைத்தோம். இரண்டு டப்பாவிலிருந்தும் தராசில் நிறுத்து, குமிழி ஏறாமல் பைய கலக்கினான் அவன். ஐந்து நிமிஷத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். தேன் நிறத்தில் இடைவெளிக்குள் நூலாக இறங்கி, மெல்ல மட்டம் பிடித்தது. மூன்றுபேரும் மேசைமேல் குனிந்து பார்த்தோம். மேசையில் ஒரு சொட்டும் விழவில்லை. வெளியே மழை கொட்டத் தொடங்கியது.

"நாலு நாள். தொடாத, மனசிலாச்சா?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மழை வெறிக்கும் வரை இருந்து சாப்பிட்டுப் போனான்.

நான்கு நாளும் வண்டி ஸ்டாண்டிலேயே நின்றது. காலையில் எழுந்ததும் மவுண்டை நகத்தால் அழுத்திப் பார்ப்பேன். புதன்கிழமை நகம் பதியவில்லை. தனியாகவே மாட்டினேன், ஒவ்வொரு போல்ட்டையும் எந்தப் பக்கம் சுற்றுவது என்று இரண்டுமுறை யோசித்து.

மனைவி பள்ளியிலிருந்து வந்ததும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. வேண்டுமென்றே கிளச்சைப் படாரென்று விட்டேன். ஒன்றுமில்லை. வண்டி முழுவதும் ஒரே துண்டாக இருப்பதுபோல நகர்ந்தது. ஆனால் அறுபதைத் தொட்டதும் பின்னாலிருந்து ஒரு ரீங்காரம் எழுந்தது, முன்பு இல்லாதது. மவுண்ட் இறுகிவிட்டதால் டிஃபரன்ஷியலின் பற்சக்கரச் சத்தத்தைத் தடுக்க இனி எதுவும் இல்லை. அது அப்படியே வண்டிக்குள் வருகிறது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சர்ச் பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் பாடுகிறவள். மெதுவாக அந்த ரீங்காரத்தோடு சேர்ந்து முனகினாள்.

"எழுபதுல போங்க."

போனேன்.

"சுதி ஏறுது பாத்தீங்களா? இனி அறுபதுக்கு வாங்க." அதன்மேல் ஒரு சுரம் வைத்துப் பாடினாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. இரண்டும் பொருந்தியிருந்தது தெரிந்தது.

"ரொம்ப மோசமா கேக்கோ?" என்றேன்.

"அந்த இடிக்கு இது கொள்ளாம், பரவால்ல" என்றாள். வீட்டுக்குத் திரும்பும் திருப்பம் வந்தது. நேராகவே போகச் சொன்னாள்.

அடுத்த மாதம் பள்ளி விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை நண்பன் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். தேங்காய்ப்பட்டணத்தில் அவன் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தியபோது, அவன் தொழுகை முடிந்து வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக வந்துகொண்டிருந்தான். உள்ளேயிருந்து மீன்குழம்பு மணம். எங்களை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நேராக வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தான், அது போதாமல் மண்ணில் படுத்து அடியில் நுழைந்தான்.

"வெள்ளச் சட்டை! வெள்ளச் சட்டை!" என்று கத்திக்கொண்டே அவன் மனைவி கரண்டியோடு ஓடிவந்தார்.

வண்டிக்கடியிலிருந்து அவன் குரல் வந்தது. "மவுண்டுல ஒரு கீறல் இல்ல மக்கா. வந்து பாரு."

நானும் படுத்தேன்.