அயூப் பாயின் உள்ளங்கை

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் அயூப் பாய் மாப்பிள்ளையைத் தேடுவதில்லை. ஸ்பீக்கர் பெட்டியைத் தேடுகிறார். அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி, "பேஸு ஜாஸ்தி கீது" என்பார். மேற்குத் தாம்பரத்தில் முப்பத்தெட்டு வருடம் மைக் செட் வாடகைக்கு விட்டவர். கடையைக் கொடுத்துவிட்டார், சட்டைப் பையில் டெஸ்டர் மட்டும் இன்னும் இருக்கிறது.

பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்று இடது காது போய்விட்டது. வலதும் போய்க்கொண்டிருக்கிறது. நான் எதிர்வீடு, ஓய்வுபெற்ற நர்ஸ். பரிசோதனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். இன்னும் ஒரு வருடம் தாங்கினால் அதிகம் என்றார் டாக்டர். இதை நான் மழுப்பிச் சொல்லவில்லை.

"அப்போ லட்சத்தீவு போயிட்டு வந்துடலாம் சிஸ்டர்," என்றார் பாய்.

பதினாறு வயதில் கோவளம் தர்கா கந்தூரி விழாவில் பக்கீர்கள் தஃப் அடித்துப் பாடக் கேட்டிருக்கிறார். தோல் கட்டிய வட்டப் பறை அது. "நெஞ்சுல வந்து அடிச்சுது. அடுத்த வருசம் நானே போய் கொழா ஸ்பீக்கர் கட்டினேன். அத்தோட அந்தச் சத்தம் பூட்ச்சு." தீவில் இன்னும் மைக் இல்லாமல் அடிக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம்.

அவர் மனைவி ஹஃபீசாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். கைபிடித்து நடத்த நானும் போனேன்.

முதல் நாள் மாலை விடுதியில் தஃப் ஆட்டம். பாய் நேராகப் போய்ப் பெட்டியில் கை வைத்தார். "பென் டிரைவ்ல ஓடுது சிஸ்டர். பசங்க சும்மா கைய ஆட்டிகினு கீறானுங்க."

ஹஃபீசா தலையில் அடித்துக்கொண்டாள். "கடலப் பாக்க இட்டாந்து பொட்டியப் பாத்துகினு கீறாரு. இத வூட்லயே பாத்திருக்கலாமே!"

இரண்டு நாள் படகுத்துறை, டீக்கடை என்று விசாரித்துத் திரிந்தார். மூன்றாம் நாள், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் ஒரு வீட்டு விசேஷத்துக்கு அழைத்துப் போனார். முற்றத்தில் நான்கு கிழவர்கள் தேங்காய் மட்டை நெருப்பில் தஃபின் தோலைக் காட்டி முறுக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விரலால் தட்டிப் பார்த்தார். பாய் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அப்போது வீட்டுக்காரர் ஓடிவந்தார். சென்னையிலிருந்து மைக் செட்காரர் வந்திருக்கிறார் என்று மோதினார் சொல்லியிருந்தாராம். விருந்தாளிக்கு மரியாதையாக, எங்கேயோ இரவல் வாங்கிய மைக்கையும் பெட்டியையும் கிழவர்கள் நடுவே வைத்தார். அது கீச்சென்று அலறியது. எல்லோரும் பாயைப் பார்த்தார்கள்.

"போங்க, போய் ரிப்பேர் பண்ணுங்க. இங்கயும் அதான் வேல," என்றாள் ஹஃபீசா.

பாய் எழுந்தார். ஒயரைப் பிடித்துக்கொண்டே சுவர்வரை போய் பிளக்கைப் பிடுங்கினார். ஒயரை ஒழுங்காகச் சுருட்டி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மூத்த கிழவரை ஒட்டி வலது காதைத் திருப்பி உட்கார்ந்தார். முதல் அடி விழுந்ததும் கண்ணை மூடி, உள்ளங்கையைத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.