கெட்டிலிடம் பேசிய ஓரகத்தி

பேருந்து நிலையத்தில் அவளை மைக் அக்கா என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் டீக்கடைக்காரரே முழிப்பார். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப்போகிறது என்று காலையிலிருந்து கூண்டு மாதிரி ஓர் அறையில் உட்கார்ந்து அறிவிப்பதுதான் அவள் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் வாயில்லாப் பூச்சி. சொன்னால் இன்றைக்கு ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

அந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்ததே மூத்த ஓரகத்திதான். விபத்தில் புருஷன் படுத்த படுக்கையானபோது, "அழுதது போதும். உன் குரல் மணி மாதிரி இருக்கு, வா," என்று கையைப் பிடித்து வேலை கேட்க இழுத்துப்போனாள். இவள் வேலைக்குப் போக, அவள் இவளுடைய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தையல் மிஷினை மிதித்தாள்.

அப்பேர்ப்பட்டவளோடுதான் ஒரு துணிக்கொடியால் பேச்சு நின்றுபோனது. மாடியில் இவள் காயப்போட்ட ஈரப்புடவையின் சாயம், கீழே அந்த ஓரகத்தி அக்கா தைத்து வைத்திருந்த கல்யாண ரவிக்கையில் சொட்டிவிட்டது. தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். "அதை ஏன் வெளியில வெச்சீங்க?" என்று இவள் கேட்டுத் தொலைத்தாள். நுணலும் தன் வாயால் கெடும். அக்கா திட்டினால்கூடத் தேவலை, இப்படியே பேசாமல் இருந்துவிடுவாளோ என்று இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில் தொண்டையும் கட்டிக்கொண்டது. "மைக் அக்கா, உள்ள நீங்கதான் இருக்கீங்களா, தகர டப்பாவை உருட்டுறீங்களா?" என்று நடத்துனர்கள் கேலி செய்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அறைக்கதவு திறந்தது. நிலையத்துக்குப் பின்னால் தையல்கடை வைத்திருக்கும் அக்காவேதான், கையில் பையோடு. இவள் முகத்தைப் பார்க்காமல் மூலையிலிருந்த மின்சாரக் கெட்டிலிடம் போனாள்.

"இந்தக் கரகரப்பைக் கேட்டுக்கிட்டு மனுஷி எப்படி மிஷின் மிதிக்கிறது?" என்று கெட்டிலைக் கேட்டாள். "லீவு போடணும்னு சிலருக்குத் தோணாது."

இஞ்சியைத் தோல் சீவி நசுக்கினாள். மிளகை டம்ளரின் அடியால் உடைத்தாள். அதிமதுரக் குச்சியைப் பிளந்து போட்டு, கெட்டில் தானாக அணைய அணையத் திரும்பத் தட்டிவிட்டுக் கொதிக்கவைத்தாள். புதுத்துணித் துண்டில் வடிகட்டினாள்.

"சூட்டோட தேனை ஊத்தக்கூடாது, ஆறணும்." இதுவும் கெட்டிலுக்குத்தான். "மடக்குமடக்குனு குடிக்கவும் கூடாது. தொண்டையில படப்படக் குடிக்கணும். கெட்டில், காதுல விழுதா?"

ஆறியதும் தேன் விட்டு மேசையில் வைத்ததை இவள் குடித்தாள். காரம் மூக்கில் ஏறியது, பின்னாலேயே ஓர் இதம் இறங்கியது. கண் கலங்கியதற்குக் காரம் மட்டும் காரணமில்லை. அதற்குள் ஒரு வண்டி கிளம்பும் நேரம் வந்துவிட, அவசரமாக அறிவித்தாள். குரல் உடையாமல் வந்தது.

அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு கெட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது விட்டால் போய்விடுவாள். நேராகச் சொல்ல இவளுக்கு நா எழவில்லை. ஜாடைக்கு ஜாடையாக, அக்காவுக்குக் கெட்டில் என்றால் இவளுக்கு எதிரே இருந்தது மைக். அதைப் பார்த்தே சொன்னாள்.

"தப்பு என்மேலதான். அந்த ரவிக்கை பாழானது என்னாலதான். எனக்குக் குரல் இருக்குன்னு கண்டுபிடிச்சதே எங்க அக்காதான். எம்புள்ளை வளர்ந்தது அவங்க மடியில. நான் இன்னைக்குத் தலைநிமிர்ந்து நடக்கிறேன்னா அது அவங்களாலதான். இதை ஒருநாள்கூட அவங்ககிட்ட நான் சொன்னதில்ல."

வெளியே இரைச்சல் அடங்கியது. கண்ணாடி வழியே பார்த்தாள். சுமைதூக்கும் பெரியவர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். டீக்கடைப் பக்கமிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

அக்கா திரும்பினாள். கன்னமெல்லாம் ஈரம். எத்தனையோ நாளைக்கப்புறம் இவளை நேருக்கு நேர் பார்த்துக் கத்தினாள்.

"சுவிட்சை அணைடி, பைத்தியமே! ஊரே கேக்குது!"

"கேக்கட்டும்க்கா," என்றாள் இவள்.