மூன்றாம் மாடிக் கயிறு

நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான். யாங்கூனில் எங்கள் பபேடான் பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பூனையைப் பார்த்துவிட்டுப் புலி என்பேன். என்னவோ, அதில் எனக்கு ஒரு சுகம். ஆனால் இந்த ஒன்றில் மட்டும் ஒரு சொட்டுகூடக் கூட்டவில்லை. கூட்டத் தைரியம் இல்லை.

2004. நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற புதிது. என் கூட்டாளி முகைதீன் எட்டாம் மாடியில் நுரையீரல் நோயோடு படுத்துக் கிடந்தான். அந்த நோயை ஆராயும் டாக்டர்களுக்குப் பணம் திரட்டித் தரலாம் என்று தெருவில் பேச்சு. வெளிநாட்டில் இதற்காக மலை ஏறுவார்களாம். யாங்கூனில் மலைக்கு எங்கே போக? "முகைதீன் வீட்டுப் படியே மலைதானே! நான் ஏறுகிறேன்" என்று வாயைக் கொடுத்தேன். லிஃப்ட் இல்லாத கட்டடம். நாற்பது தடவை ஏறினால் ஒரு மலை என்று, பணம் தர ஒப்புக்கொண்ட தெருக் கடைக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். ஒன்று குறைந்தாலும் ஒரு ஜாட் காசுகூடக் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட, பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். ஒவ்வொரு தடவையும் நான் முகைதீன் வீட்டுக் கயிற்றை இழுத்துவிட்டு ஏற வேண்டும். மணி கேட்டதும் அவன் படுத்தபடியே ஒரு புளியங்கொட்டையைத் தட்டில் போடுவான். நான் மேலே போய் முகத்தைக் காட்டிவிட்டு இறங்குவேன். அவன் மனைவி சுல்தான் பீவி க்யிம்யிண்டைங்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். கதவு திறந்தே கிடந்தது.

பகல் இரண்டு மணிக்கு ஆரம்பித்தேன். என் முழங்கால் போட்ட சத்தம் சூலே பகோடா வரைக்கும் கேட்டிருக்கும்!

"என்னடா ஜமால், படி ஆடுதா, உன் தொப்பை ஆடுதா?"

"நீ கொட்டையை ஒழுங்காப் போடுறா!"

இருபத்தாறு முடிந்தது. கீழே வந்தேன். மணி 6.40. கரண்ட் போனது. தெரு முழுக்க இருட்டு.

கயிறுகள் தொங்கும் இடத்தில்தான் டீக்கடை முக்காலி. உட்கார்ந்தேன். கால் எழுந்திருக்க மாட்டேன் என்றது. அப்போதுதான் அந்தக் கேடுகெட்ட யோசனை வந்தது. மணி அடித்தால் கொட்டை விழும். நான் ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன? கேட்டால், இருட்டில் வாசலோடு திரும்பிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

துழாவி ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

டிங்...

மனசு உறுத்தியது. ஒரு டீ குடித்தேன். உறுத்தல் போகவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

பத்து நிமிடம் விட்டு மறுபடி இழுத்தேன். டிங்... எட்டாம் மாடி மணி இவ்வளவு பக்கத்திலா கேட்கும்?

உள்ளே எங்கோ ஒரு கதவு திறந்தது. படியில் செருப்புச் சத்தம். சர்ரக்... சர்ரக்... கூடவே இழுத்து இழுத்து விடும் மூச்சு. யாரோ குடியிருப்பவர் மேலே போகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த தடவை இழுத்தேன். அதே கதவு. அதே செருப்பு. அதே மூச்சு.

நான் இழுக்க இழுக்க, ஏறுகிற சத்தம்.

இறங்குகிற சத்தம்... ஒரு தடவைகூட இல்லை.

8.55. பதினான்காவது தடவை இழுத்தேன். மலை முடிந்தது. கடைசியாக முகத்தையாவது காட்டுவோம் என்று சுவரைத் தடவிக்கொண்டு ஏறினேன்.

உள்ளறையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. முகைதீன் அழுதுகொண்டிருந்தான்.

"போதும்டா, போதும்டான்னு எத்தனை தடவை சொன்னேன்! கேட்டியா?"

"எப்போடா?"

"கரண்ட் போனதிலேர்ந்துதான். இருட்டில வந்து கால்மாட்டுல நின்னே. ஒரு வார்த்தை பேசல. உன் மூச்சு கிடந்து இழுக்குது... எனக்காக நீ சாகணுமா? பாவமா இருந்துச்சுடா."

தட்டில் நாற்பது கொட்டை.

"மணி... கேட்டுச்சா?"

"இருட்டானப்புறம் மணியே அடிக்கலையே. கயிறு அறுந்துபோச்சுன்னு நினைச்சேன். நீ வந்து நின்னதைப் பார்த்துத்தான் கொட்டை போட்டேன்."

பிறகு என்னை உற்றுப் பார்த்தான்.

"இப்பத்தானே கால்மாட்டுல உட்கார்ந்தே... வாசல்ல எப்படிடா நிக்கிறே?"

கட்டிலைப் பார்த்தேன்.

அவன் காலருகே மெத்தையில் ஒரு பள்ளம்.

அது... மெதுவாக மேலே எழும்பியது.

"மீ லா பீ!" கரண்ட் வந்துவிட்டது என்று தெருவே கத்தியது. விளக்கு எரிந்தது.

யாரும் இல்லை.

மறுநாள் கடைக்காரர்கள் பணத்தை என் கையில் வைத்துத் தோளில் தட்டினார்கள். அப்படியே டாக்டர்களிடம் சேர்த்துவிட்டேன். தட்டிய இடம் இன்னும் எரிகிறது.

திரும்பி வந்து, முந்தைய நாள் இழுத்த கயிற்றைத் தேடினேன். முக்காலிக்கு நேர் மேலே தொங்கியது. அண்ணாந்து பார்த்தேன். அது எட்டாம் மாடிக்குப் போகவில்லை. மூன்றாம் மாடிக்குப் போனது.

செல்லக்கண்ணு அண்ணன் வீடு. ரயில்வேயில் இருந்தவர். முகைதீனுக்கு வந்த அதே நோயில் அவர் இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீடு அன்றிலிருந்து பூட்டிக் கிடந்தது.

படுக்கையில் இருந்த காலத்தில், "ஒரு தடவை மேல வாங்க ஜமால், பேசிட்டிருக்கலாம்" என்பார். நான் கீழே நின்று இந்தக் கயிற்றை இழுப்பேன். அவர் மூச்சு வாங்க பால்கனிக்கு வந்து எட்டிப் பார்ப்பார். கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவேன். மூன்றே மாடி. ஒரு நாள்கூட ஏறவில்லை.

கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். சுல்தான் பீவி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள்.

"என்ன காக்கா, அந்தக் கயித்தைப் போய்ப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க? அதுல ஏது மணி?"

"மணி இல்லையா?"

"அவர் இறந்துபோன அந்த வாரமே அவர் மக கலா மணியைக் கழட்டிட்டு மிங்கலாடோன் போயிட்டாளே. கயிறு சும்மா பால்கனிக் கம்பியில கட்டிக் கிடக்கு."

அந்த மணிச் சத்தத்தை நான் பதினாலு தடவை கேட்டேன்.

நான் இழுத்தேன். அவர் வந்தார்.

அவர் எப்போதுமே வருவார்.