பெரிய வெள்ளியன்று தின்ற பன்

பாம்பன் லூர்து மேரி பெரிய வெள்ளியன்று பன் தின்றாள் என்று சொன்னால் அவள் தெருவில் இன்றைக்கும் நம்ப ஆள் கிடையாது. நண்டுக் கம்பெனியில் ஓடு உடைத்துச் சதை எடுக்கிற வேலை அவளுக்கு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போய் வெறும் வயிற்றோடு திரும்புகிற பொம்பளை. அப்படிப்பட்டவள் தின்றாள். தின்ன வைத்தது அவள் பெற்ற மகள்.

மகள் ஜாஸ்லின் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது ஓயாமல் தண்ணீர் குடித்தாள், துரும்பாய் இளைத்தாள், ஒருநாள் பள்ளிக்கூடத்தில் சுருண்டு விழுந்தாள். இராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள். பால்பல் விழாத பிள்ளைக்குச் சர்க்கரை வியாதியா! கிழடுகளுக்கு வருகிற நோயல்லவா அது? லூர்து மேரிக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. மாத்திரைக்குக் கேட்காது, ஆயுசு முழுக்க ஊசிதான், ஊசி போட்டால் தவறாமல் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லச் சொல்ல, கடலில் எத்தனையோ புயலைப் பார்த்த அவள் புருஷன் பெஞ்சமின் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மருந்து எதிர்வீட்டு உம்மு ஹபீபாவின் பிரிட்ஜில் மல்லித்தழைக்குப் பக்கத்தில் இருந்தது. ஜாஸ்லின்தான் போய் எடுத்து வருவாள். போகப் போக ஊசியைத் தானே வயிற்றில் போட்டுக்கொள்ளவும் பழகிவிட்டாள். பழகாதவள் தாய்தான். தவக்காலத்து வெள்ளிதோறும் பொழுது சாயும்வரை பட்டினி, பெரிய வெள்ளியன்று பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது, அதற்கு ஆண்டவர் இந்த ஊசியை எடுத்துவிட வேண்டும் என்று நேர்ந்துகொண்டாள்.

"நோன்பு நல்லதும்மா. ஆனா ஆண்டவர்கிட்ட பேரம் பேசாத" என்றார் பங்குச் சாமியார். அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே!

ஜாஸ்லின் நான்காம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஊசி போகவில்லை. அந்த வருஷப் பெரிய வெள்ளி ரமலான் மாதத்தில் வந்தது. காலையில் தெரு வழியாகச் சிலுவைப்பாதை ஊர்வலம் போனது. ஒவ்வொரு நிலையிலும் கூட்டம் முழங்காலிட்டு ஜெபித்துவிட்டு எழுந்து நடக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. ஓரிடத்தில் எல்லாரும் எழுந்தார்கள், ஜாஸ்லின் எழவில்லை. முழங்காலில் இருந்தபடியே தலையைக் குனிந்திருந்தாள். சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. பார்த்த தாய் என்ன நினைத்தாள் தெரியுமா? என் பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று நினைத்தாள்! பக்கத்தில் நின்றவளிடம் கண்ணைக் காட்டிப் பெருமைவேறு பட்டுக்கொண்டாள். அந்தப் பெருமை அடங்குவதற்குள் பிள்ளை முகம் குப்புற மண்ணில் சாய்ந்தது.

"யா அல்லாஹ்! பிள்ளைக்குச் சீனி இறங்கிருச்சு!" நோன்போடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உம்மு ஹபீபா சீனி டப்பாவோடு ஓடிவந்தாள். சர்க்கரைக்காரப் புருஷனோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். பிள்ளையை ஒருச்சாய்த்துப் படுக்கவைத்து, சீனியை விரலில் தொட்டுக் கன்னத்தின் உள்பக்கம் தடவினாள். "லூர்து, மரம் மாதிரி நிக்காத. ஆட்டோவக் கூப்பிடு!" என்று கத்தினாள். லூர்து மேரி அப்போதுதான் ஆட்டோவுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிய பிறகு பிள்ளை கண் திறந்தது.

"காலைல ஊசி போட்டியாத்தா?" என்று கேட்டாள் தாய்.

"போட்டேன்."

"நான் வச்சுட்டு வந்த இட்லிய?"

"கோழிக்குப் போட்டுட்டேன்."

"ஏன்டி? செத்துப் போவன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"நீ மட்டும் பட்டினி கெடந்தா ஆண்டவரு கேக்கலம்மா. ரெண்டு பேரும் கெடந்தா கேப்பாருன்னு நெனச்சேன்."

இந்தப் பாடத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? வேறு யார், லூர்து மேரியேதான். நம் எல்லாருக்காகவும் ஒருத்தர் சிலுவையில் தொங்கிப் பாவக்கடனைத் தீர்த்துவிட்டார் என்று காலையில் தெருவெல்லாம் பாடிக்கொண்டு வந்தவள், அது போதாதென்று அவரிடமே பட்டினியைக் கொடுத்துச் சுகத்தை வாங்கப் போயிருக்கிறாள். அவர் இவள் பிள்ளையின் இட்லியையா கேட்டார்? எடுத்துவிடச் சொல்லி இத்தனை காலம் அழுத அந்த ஊசிதான் அவர் அனுப்பிய உதவி என்று இப்போது உறைத்தது.

பெஞ்சமின் பன்னும் டீயும் வாங்கி வந்தான். "உடனே ஏதாச்சும் சாப்பிடணும்" என்றாள் நர்ஸ். ஜாஸ்லின் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"அம்மா சாப்பிடல. நான் மட்டும் தின்னா நேர்ச்சை வீணாப் போயிரும்."

லூர்து மேரி பன்னைப் பிய்த்தாள். டீயில் நனைத்தாள். தன் வாயில் போட்டாள்.

பெஞ்சமினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன பண்ற நீ? இன்னைக்குப் பெரிய வெள்ளி!"

அவள் மென்றாள். கண்ணில் நீர் வழிய விழுங்கினாள். பிள்ளை கண் கொட்டாமல் பார்த்தது.

"ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாராம்மா?"

"கோவிச்சா என்னையக் கோவிக்கட்டும். நீ வாயத் தெற."

ஜாஸ்லின் வாயைத் திறந்தாள்.